விழித்திருத்தல் நாள் பார்ப்பதல்ல

மேற்காசியாவில் ஓர் ஏவுகணை பாய்ந்தால் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் சபைகள் பலவற்றில் மத்தேயு 24ஆம் அதிகாரமோ மாற்கு 13ஆம் அதிகாரமோ திறக்கப்பட்டுவிடும். நிலநடுக்கம், கொள்ளைநோய், புதிய அடையாள அட்டை, ரொக்கமில்லாமல் நடக்கும் வியாபாரம், எருசலேமில் ஏதோ ஓர் அரசாங்க முடிவு என்று எதிலிருந்து தொடங்கினாலும் பிரசங்கம் போய்ச் சேருகிற இடம் ஒன்றே. அடையாளங்கள் நிறைவேறிக்கொண்டிருக்கின்றன, ஆகவே விழித்திருங்கள் என்று முடியும். கேட்டுக்கொண்டிருப்பவர் அந்தக் கடைசிச் சொல்லை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதில் சந்தேகமே இல்லை. செய்தியைக் கவனி, தீர்க்கதரிசன அட்டவணையோடு ஒத்துப்பார், வருகை எவ்வளவு கிட்டே வந்துவிட்டது என்று தெரிந்துவைத்துக்கொள், தவறினால் கைவிடப்படுவாய்.

இப்படிப் பிரசங்கிக்கிறவர்களில் பெரும்பாலோர் உள்ளன்போடு பேசுகிறவர்கள். அவர்களுடைய எண்ணத்தில் எனக்குக் குறை காணத் தோன்றவில்லை. அந்தச் சொல்லுக்கு அவர்கள் தருகிற பொருளைத்தான் மறுக்கிறேன். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் அந்தச் சொல் ‘கிரேகொரேயோ’. அது வருகிற இடங்களுக்கெல்லாம் போய்ப் பார்த்தால், அடையாளம் தேடுவதும் காலம் கணிப்பதும் அதன் பொருளில் எங்கும் தென்படுவதில்லை. காலத்தை அறிய முடியாது என்பதனால்தான் அந்தக் கட்டளையே பிறந்தது.

‘எகெய்ரோ’ என்றால் எழுப்புதல். அந்த வினையின் நிறைவு வடிவம் ‘எக்ரேகொரா’. எழுந்துவிட்டேன், இப்போது விழித்த நிலையில் இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். பிற்காலப் பேச்சுக் கிரேக்கம் இந்த நிறைவு வடிவத்திலிருந்து புதிதாக ஒரு நிகழ்கால வினையை உண்டாக்கிக்கொண்டது. அதுதான் கிரேகொரேயோ. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸின் பழைய நடையைக் கட்டிக்காத்த ஃப்ரூனிகஸ் என்ற இலக்கணக்காரர், இந்தப் புது வடிவம் கூடாது, பழைய எக்ரேகொராவைத்தான் வழங்கவேண்டும் என்று கண்டித்திருக்கிறார். அப்படிப் பண்டிதர்கள் முகம் சுளித்த சொல்லைத்தான் சுவிசேஷகர்கள் கூசாமல் எடுத்தாண்டார்கள். கிரெகோரி என்று நம்மில் பலர் பிள்ளைகளுக்கு வைக்கிற பெயரும் இதன் வழியில் வந்ததே.

பிறப்பை மட்டும் வைத்து ஒரு சொல்லின் பொருளை முடிவுகட்டக் கூடாது. வழக்கைப் பார்க்கவேண்டும். புதிய ஏற்பாட்டில் இந்த வினை 22 இடங்களில் வருகிறது. ஓர் இடத்திலாவது அதற்குச் செயப்படுபொருள் கிடையாது. வானத்தைக் கிரேகொரேயோ செய், தேசங்களைக் கிரேகொரேயோ செய் என்ற அமைப்பே இல்லை. கிரேக்கப் பழைய ஏற்பாட்டில், குறிப்பாக எரேமியா நூலில், ஒன்றின்மேல் விழித்திருத்தல் என்ற வழக்கு உண்டு. அங்கே பெரும்பாலும் விழித்திருக்கிறவர் கடவுள். முன்பு தன் மக்களைப் பிடுங்கி எறிய விழித்திருந்தவர், இனி அவர்களைக் கட்டி எழுப்ப விழித்திருப்பேன் என்கிறார். செயலுக்குத் தயாராக நிற்பதன் பெயர் அது. 1 மக்கபேயர் 12ஆம் அதிகாரத்தில் யோனத்தான் தன் வீரர்களை இரவு முழுவதும் ஆயுதபாணிகளாகத் தயாராக இருக்கச் சொல்கிறபோதும் இதே வினைதான். காவல் நிற்பவனின் விழிப்பு. எதிரி எந்த நாழிகையில் வருவான் என்று கண்டுபிடிக்கும்படி அந்த வீரர்களிடம் யாரும் கேட்கவில்லை.

பிறகு இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு ஆங்கிலப் பிரசங்க நூல்களிலிருந்து வந்தது என்பது என் கணிப்பு. ஆங்கிலத்தில் ‘வாட்ச்’ என்ற ஒரே சொல் விழித்திருப்பதற்கும் ஆகும், ஒன்றை உற்றுக் கவனிப்பதற்கும் ஆகும். அந்த இரட்டைப் பொருளின் வழியாக, விழித்திருங்கள் என்ற கட்டளை அடையாளங்களைக் கவனியுங்கள் என்று வழுக்கிப் போனது. தமிழில் அந்த வழுக்கலுக்கு இடமே இல்லை. நம் பழைய மொழிபெயர்ப்பின் ‘விழித்திருங்கள்’, கத்தோலிக்கத் திருவிவிலியத்தின் ‘விழிப்பாயிருங்கள்’ இரண்டும் மூலத்துக்கு நேராக நிற்கின்றன. கையில் சரியான சொல்லை வைத்துக்கொண்டு, வேறு மொழியின் தெளிவின்மையைக் கடன் வாங்கி அதற்குள் திணித்திருக்கிறோம்.

அடையாளங்களை உற்றுநோக்குவதற்குக் கிரேக்கத்தில் தனிச் சொல்லே உண்டு: ‘பராதேரேசிஸ்’. வான்பொருள்களின் நகர்வைக் கண்காணிப்பவர்களும், நோயின் குறிகளைக் கவனிக்கும் வைத்தியர்களும் வழங்கிய சொல் அது. லூக்கா 17:20இல் அந்தச் சொல் வருகிறது. கடவுளின் ஆட்சி எப்போது வரும் என்று பரிசேயர்கள் கேட்கிறார்கள். பராதேரேசிஸ் செய்து கண்டுகொள்ளும்படியாக அது வருவதில்லை என்று இயேசு பதில் சொல்கிறார். சீடர்களுக்கு அவர் அந்த வேலையைக் கொடுக்க நினைத்திருந்தால் சொல் கையருகே இருந்தது. எடுத்தார், மறுத்தார், கீழே வைத்தார்.

மாற்கு 13க்கு வருவோம். எதிர்த்தரப்பின் கோட்டை அது. ஒலிவ மலையில் பேதுரு, யாக்கோபு, யோவான், அந்திரேயா ஆகிய நால்வரும் தனிமையில் கேட்ட கேள்வி இரண்டு பகுதி கொண்டது. இவை எப்போது நடக்கும், அதற்கு அடையாளம் என்ன? வந்த பதிலின் முதல் சொல்லே, ஒருவனும் உங்களை ஏமாற்றிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்ற எச்சரிக்கை. போர்களையும் போர்ச் செய்திகளையும் கேட்டால் கலங்கவேண்டாம், அது இன்னும் முடிவு இல்லை என்கிறார். நம் மேடைகளில் போர்ச் செய்தி கலக்கத்தை உண்டாக்கவும் முடிவைக் காட்டவும் பயன்படுகிறது. வசனம் இரண்டையும் வேண்டாம் என்கிறது. ஒரே வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு நேர் எதிரானதைப் பிரசங்கிப்பது எப்படிச் சாத்தியமாகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த அதிகாரத்தின் நீண்ட நடுப்பகுதியில், அதாவது அடையாளங்களைப் பற்றிப் பேசும் பகுதியில், கிரேகொரேயோ ஒருமுறைகூட வருவதில்லை. அங்கே வருவது ‘ப்லெபெதே’, எச்சரிக்கையாயிருங்கள் என்ற வேறு வினை. அந்த நாளையும் நாழிகையையும் தூதரும் அறியார், மகனும் அறியார், தந்தை ஒருவரே அறிவார் என்ற 32ஆம் வசனத்துக்குப் பிறகுதான் கிரேகொரேயோ தலைகாட்டுகிறது. 34, 35, 37 என்று மூன்று முறை. மத்தேயுவிலும் இதே ஒழுங்குதான். 24ஆம் அதிகாரத்தில் அறிய முடியாது என்று சொன்ன பின்பே, 42ஆம் வசனத்தில் விழித்திருங்கள் என்ற சொல் வருகிறது. கட்டளைக்குச் சொல்லப்படும் காரணமும் ஒவ்வொரு முறையும் ஒன்றே: உங்களுக்குத் தெரியாது. மாற்கு 13:35, மத்தேயு 24:42, 25:13 மூன்றையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். அறிந்துகொள்ள விழித்திரு என்று ஓரிடத்திலும் இல்லை. அறியமாட்டாய், ஆகவே விழித்திரு.

அங்கே வரும் உவமை ஒரு வீட்டைப் பற்றியது. தலைவர் வெளியூர் புறப்படுகிறார். வேலைக்காரர்களிடம் பொறுப்பை ஒப்படைக்கிறார், அவனவனுக்கு அவனவன் வேலையைக் கொடுக்கிறார், வாசற்காவலனை விழித்திருக்கச் சொல்லிவிட்டுப் போகிறார். இரவை ரோமர் பிரித்த நான்கு சாமங்களின் பெயரும் வருகின்றன. மாலை, நடு இரவு, சேவல் கூவும் வேளை, விடியல். இதில் எந்தச் சாமத்தில் தலைவர் திரும்புவார் என்று தெரியாது. வாசற்காவலனின் வேலை, மாடியில் ஏறித் தொலைவில் தூசி கிளம்புகிறதா என்று பார்ப்பதும் எட்டாத ஊரிலிருந்து வரும் வதந்திகளைச் சேர்ப்பதும் அல்ல. வாசலில் நிற்பது. கதவு தட்டப்பட்டால் திறப்பது. மருத்துவமனையில் இரவுப் பணியிலிருக்கும் செவிலி, பெரிய மருத்துவர் எப்போது சுற்றிவருவார் என்று படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தால், சொட்டுமருந்து தீர்ந்துபோன கட்டிலை யார் கவனிப்பது?

மாற்கு இந்த உவமையை அப்படியே விட்டுவிடவில்லை. அடுத்த இரண்டு அதிகாரங்களில் அந்த நான்கு சாமங்களையும் நடத்திக் காட்டுகிறார். மாலையில் பந்தி, காட்டிக்கொடுப்பவன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். இரவின் நடுவில் கெத்செமனே. சேவல் கூவும் வேளையில் பேதுருவின் மறுதலிப்பு. விடியலில் பிலாத்துவிடம் ஒப்படைப்பு. பிரிட்டிஷ் விவிலிய அறிஞர் ஆர். எச். லைட்ஃபுட் 1950இல் வெளியான மாற்கு பற்றிய தம் நூலில் இந்தத் தொடர்பை எடுத்துக்காட்டினார். பார்த்துவிட்ட பிறகு அதைக் காணாமல் இருக்க முடியாது.

கெத்செமனேயில் கிரேகொரேயோ மறுபடியும் மூன்று முறை வருகிறது. இங்கே தங்கி விழித்திருங்கள் என்று மூவரிடம் சொல்லிவிட்டுச் சற்றுத் தள்ளிப்போய் இயேசு தரையில் விழுந்து மன்றாடுகிறார். திரும்பி வரும்போது அவர்கள் தூங்குகிறார்கள். ஒரு மணி நேரம் விழித்திருக்க முடியவில்லையா என்று பேதுருவை, சீமோன் என்ற பழைய பெயரால் அழைத்துக் கேட்கிறார். அந்த மூவரும் யார்? ஒலிவ மலையில் அடையாளம் கேட்ட நால்வரில் மூவர். எதிர்காலத்தின் கால அட்டவணையை அறிய ஆர்வத்தோடு முன்வந்தவர்கள், கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் துயரத்தில் நொறுங்கும்போது கண்ணைத் திறந்து வைத்திருக்கவில்லை. யூதாஸ் வருகிறானா என்று தோட்டத்து வாயிலைக் கண்காணிக்கும்படி அவர்களிடம் சொல்லப்படவில்லை. மத்தேயு கூடுதலாக இரண்டு சொல் வைத்திருக்கிறார்: என்னோடுகூட விழித்திருங்கள். துயரப்படுகிறவரோடு இருப்பது, சோதனையில் விழாதபடி ஜெபிப்பது. கிரேகொரேயோ அந்த இரவில் கேட்டது அவ்வளவுதான். அந்தக் காட்சி முடிகிறபோது, எழுந்திருங்கள் போவோம் என்கிறார். அந்த எழுந்திருங்கள், கிரேகொரேயோ பிறந்த அதே எகெய்ரோ. விழித்தவன் அடுத்துச் செய்யவேண்டியது எழுந்து நடப்பது.

இனி எதிர்த்தரப்பின் சான்றுகள்.

அத்திமரம் துளிர்த்தால் கோடை அருகில் என்று அறிவீர்களே, அது அடையாளம் பார்க்கச் சொல்வதில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மாற்கு 13:28–30ஐ முழுதாக வாசிக்கவேண்டும். இவை நடப்பதைக் காணும்போது என்று சொன்னவர், இந்தத் தலைமுறை கடந்துபோகுமுன் இவையெல்லாம் நடக்கும் என்றும் சொல்கிறார். நால்வரும் கேட்டது ஆலயத்தின் கற்கள் இடிவது பற்றி. கி.பி. 70இல் ரோமத் தளபதி தீத்துவின் படை எருசலேமை அழித்தது. அந்தப் பகுதியில் அடையாளத்தைக் கண்டவன் செய்யவேண்டியதாகச் சொல்லப்பட்டது யூதேயாவை விட்டு மலைகளுக்கு ஓடுவது. கூரைமேல் இருப்பவன் பொருள் எடுக்க வீட்டுக்குள் இறங்கவேண்டாம், வயலில் இருப்பவன் மேலங்கிக்குத் திரும்பவேண்டாம். உயிர் தப்புவதற்கான நடைமுறை அறிவுரை அது. ‘அந்த நாளையோ’ என்று 32ஆம் வசனம் தொடங்கும்போது பேச்சு திசை திரும்புகிறது. திரும்பிய பிறகே நம் சொல் வருகிறது. அத்திமரத்துக்கும் கிரேகொரேயோவுக்கும் நடுவில் அந்த ‘தெரியாது’ மதில்போல நிற்கிறது. அதைத் தாண்டிக் குதித்து இரண்டையும் முடிச்சுப்போடுவது வாசிப்பு ஆகாது.

காலங்களின் அடையாளங்கள் என்ற தொடரையே தலைப்பாக வைத்து எத்தனையோ கன்வென்ஷன் கூட்டங்கள் நடக்கின்றன. மத்தேயு 16:3இல் அது வருகிறது. சினாய்டிகஸ், வாட்டிகானஸ் ஆகிய பழமையான இரண்டு பெரும் கையெழுத்துப் படிகளில் அந்த வரிகள் இல்லை. அதை வைத்து நான் வாதாட விரும்பவில்லை. வரிகள் இருக்கட்டும். அங்கே இயேசு கடிந்துகொள்வது யாரை? தம் கண்முன் நிற்பவரை அடையாளம் காணாமல், வானத்திலிருந்து இன்னோர் அடையாளம் காட்டு என்று கேட்டவர்களை. அடுத்த வசனமே அடையாளம் தேடுகிற தலைமுறையைப் பொல்லாதது என்கிறது, யோனாவின் அடையாளம் தவிர வேறெதுவும் கொடுக்கப்படாது என்கிறது. கண்டிக்கப்பட்டவர்களின் கேள்வியை நாம் பக்தியின் பயிற்சியாக மாற்றிவிட்டோம்.

நாளும் நாழிகையும்தானே தெரியாது, ஆண்டும் மாதமும் தெரியலாமே என்பது மூன்றாவது வாதம். அமெரிக்காவில் எட்கர் விஸ்நான்ட், 1988இல் எடுத்துக்கொள்ளப்படுதல் நடக்கும் என்பதற்கு 88 காரணங்களை அடுக்கி எழுதிய சிறுநூலில் இதைத்தான் சொன்னார். மாற்கு 13:33 இதற்கு இடம் தரவில்லை. அங்கே தெரியாது என்று சொல்லப்படுவது ‘கைரோஸ்’, காலம். அப்போஸ்தலர் 1:7 இன்னும் அகலமாகப் பூட்டுகிறது. காலங்களும் வேளைகளும் தந்தையின் அதிகாரத்தில் உள்ளவை, அவற்றை அறிவது உங்களுக்குரியது இல்லை. சொன்னது உயிர்த்தெழுந்தவர். கேட்டது அப்போஸ்தலர்கள். அவர்களுக்கு இல்லாத அனுமதி நமக்கு எந்த வழியில் வந்தது?

அனுமதி எடுத்துக்கொண்டவர்களின் வரலாறு நீளமானது. நியூயார்க் மாநிலத்து விவசாயி வில்லியம் மில்லர் தானியேல் நூலைக் கணக்கிட்டுத் தொடங்கிய இயக்கம் 1844 அக்டோபர் 22இல் வந்து நின்றது. விளைந்த பயிரை அறுக்காமல் நிலத்திலேயே விட்டவர்கள் அதில் உண்டு. ‘மாபெரும் ஏமாற்றம்’ என்று அந்த நாளுக்கே பெயர் விழுந்தது. தென் கொரியாவில் 1992 அக்டோபர் 28ஐ எதிர்பார்த்து வேலையை விட்டவர்கள் இருந்தார்கள். அமெரிக்க வானொலிப் போதகர் ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார், பிறகு அக்டோபர் 21 என்றார். மறு ஆண்டு, நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான் என்ற வசனத்தைக் காட்டித் தம்மை எதிர்த்தவர்களே சரி என்று அவர் ஒப்புக்கொண்டதை மதிக்கிறேன். ஆனால் ஒவ்வொருமுறையும் ஏமாந்தவர்கள் தூங்கியவர்கள் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அவர்கள் தாங்கள்தான் விழித்திருப்பதாக நம்பினார்கள்.

எதிர்த்தரப்பின் பலமான வாதம் 1 தெசலோனிக்கேயர் 5:4. நீங்கள் இருளில் இல்லாததால் அந்த நாள் திருடனைப்போல உங்களைப் பிடித்துக்கொள்ளாது என்று பவுல் எழுதுகிறார். ஆகவே விசுவாசிக்கு அது திருடன் வருகை இல்லை, அவனுக்கு முன்பே தெரிந்துவிடும் என்கிறார்கள். பவுல் சொல்லும் காரணத்தைப் பாருங்கள். நீங்கள் ஒளியின் பிள்ளைகள், பகலின் பிள்ளைகள். தேதி தெரிந்தவர்கள் என்று எழுதவில்லை. எழுத வாய்ப்பிருந்தது, ஏனென்றால் அந்த அதிகாரத்தின் முதல் வரியே, காலங்களையும் வேளைகளையும் குறித்து உங்களுக்கு எழுதவேண்டிய அவசியமில்லை என்பதுதான். பகலில் வாழ்கிறவனை எப்போது வந்து பார்த்தாலும் ஒரே மாதிரிதான் இருப்பான், மறைக்க அவனிடம் ஒன்றுமில்லை. அதனால் எதிர்பாராத வருகையும் அவனுக்குத் திருட்டாகாது. அந்த விழிப்புக்கு அணிந்துகொள்ளவேண்டியவை என்று பவுல் சொல்வன விசுவாசம், அன்பு, நம்பிக்கை. மார்புக்கவசமும் தலைச்சீராவும்.

அதே பகுதியில் 10ஆம் வசனத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. கிறிஸ்து மரித்தது, நாம் விழித்திருந்தாலும் உறங்கினாலும் அவரோடு வாழும்படி என்கிறார் பவுல். 6ஆம் வசனத்தில் உறங்கவேண்டாம் என்று கண்டித்தவர், இங்கே உறங்கினாலும் பரவாயில்லை என்கிறாரா? உரையாசிரியர்களில் பெரும்பாலோர் இங்கே விழிப்பை உயிரோடிருப்பதாகவும் உறக்கத்தை மரணமாகவும் கொள்கிறார்கள். இறந்தவர்களுக்காகத் துக்கப்பட்ட ஒரு சபைக்கு எழுதிய கடிதம் என்பதால் எனக்கும் அதுவே பொருந்துவதாகத் தோன்றுகிறது. வேறு சிலர், 4ஆம் அதிகாரத்தில் மரணத்துக்கு ‘கொய்மாவோ’ என்ற வினையையும் இங்கே ‘கதேயுதோ’ என்ற வினையையும் பவுல் பயன்படுத்துவதைக் காட்டி, 6ஆம் வசனத்தின் பொருளே தொடர்வதாக வாதாடுகிறார்கள். அப்படியானால் அசதியாயிருந்த விசுவாசியும் கிறிஸ்துவோடு வாழ்வான் என்றாகிறது. எந்த வாசிப்பை எடுத்தாலும், வருகையின் நாளைக் கணிக்கத் தவறினால் கைவிடப்படுவாய் என்ற மிரட்டலுக்கு இந்த வசனத்தில் இடமில்லை.

விழித்திருத்தல் என்பதை உடலளவில் எடுத்துக்கொண்டு, தூக்கத்தைத் துறப்பதே அது என்று நினைக்கிறவர்களும் உண்டு. இரவு ஜெபங்களில் எனக்கு மறுப்பு இல்லை. தூக்கமின்மைக்குக் கிரேக்கத்தில் ‘அக்ருப்நெயோ’ என்ற வேறு சொல் இருக்கிறது, கிழக்குச் சபைகள் இரவு முழுக்க நடத்தும் வழிபாட்டுக்கு அதிலிருந்தே பெயர் வைத்திருக்கின்றன. ஆனால் பத்துக் கன்னிகைகள் உவமையில் பத்துப் பேருமே தூங்கிப்போகிறார்கள், புத்தியுள்ள ஐவர் உட்பட. அப்படியிருந்தும் கதை விழித்திருங்கள் என்று முடிகிறது. வேறுபாடு கண்ணிமையில் இல்லை, எண்ணெயில் இருந்தது.

மத்தேயு அந்தக் கட்டளையைச் சூழ வைத்திருக்கும் கதைகளே அதற்கு உரை. 24:42இல் விழித்திருங்கள் என்றதும், வீட்டாருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுக்கிற வேலைக்காரன் வருகிறான். அவனுக்கு எதிரே, தலைவர் வரத் தாமதிக்கிறார் என்று உடன்வேலைக்காரர்களை அடிக்கிறவன். அடுத்துக் கன்னிகைகள், அடுத்துத் தாலந்துகள். கடைசியாக மனிதகுமாரன் எல்லா இனத்தாரையும் பிரிக்கிற காட்சி. அங்கே பசித்தவனுக்குக் கொடுத்தவர்கள், சிறையில் இருந்தவனைப் பார்க்கப் போனவர்கள், ஆண்டவரே உம்மை எப்போது கண்டோம் என்று கேட்கிறார்கள். ஆசீர்வதிக்கப்பட்டவர்களும் ஆச்சரியப்பட்டே போகிறார்கள். ஆச்சரியப்படாமலிருக்க விழித்திரு என்று சொல்கிற பிரசங்கம் இந்தக் காட்சியை என்ன செய்யும்?

வெளிப்படுத்தின விசேஷத்தில் இந்தச் சொல் மூன்று இடத்தில் வருகிறது. கடைசிக்கால அட்டவணைகளின் தாய்வீடாக நாம் ஆக்கிவைத்திருக்கிற நூல் அது, ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். 3ஆம் அதிகாரத்தில் சர்தை சபைக்கு வந்த கடிதத்தில் இருமுறை. சர்தை லீதிய அரசின் தலைநகர், குரோசஸ் மன்னனின் ஊர். செங்குத்தான மலைமேல் கோட்டை. கி.மு. 546 அளவில் பாரசீக மன்னன் கோரேசு முற்றுகையிட்டபோது, ஏறவே முடியாது என்று நம்பிய ஒரு பக்கத்துக்கு லீதியர் காவல் போடவில்லை. ஒரு லீதிய வீரனின் தலைச்சீரா அந்தப் பக்கம் உருண்டு விழுந்தது. அவன் பாறையில் இறங்கி அதை எடுத்துக்கொண்டு ஏறிப்போனதைக் கீழிருந்து ஹுரோயாதேஸ் என்பவன் பார்த்துவிட்டான். அதே வழியில் பாரசீகர் ஏறினார்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ். கி.மு. 214 வாக்கில் மூன்றாம் அந்தியோகஸ் முற்றுகையிட்டபோதும் கதை திரும்ப நடந்தது. பிணங்களையும் கால்நடைக் குடல்களையும் வீசும் பள்ளத்துக்கு மேலே, மதில்மீது கழுகுகள் அமைதியாக உட்காருவதைக் கிரேத்தா தீவினனாகிய லாகோராஸ் கவனித்தான். ஆள் நடமாட்டம் இருந்தால் பறவை உட்காருமா? அந்த இடத்தில் காவல் இல்லை என்று கண்டுகொண்டு சிலர் இரவில் ஏணி வைத்து ஏறினார்கள், நகரம் விழுந்தது. பொலிபியஸ் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

இந்த ஊர்க்காரர்களுக்கு விழித்திரு, இல்லாவிட்டால் திருடனைப்போல வருவேன் என்று எழுதினால் அவர்களுக்கு எப்படி உறைத்திருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். இரண்டுமுறையும் நகரத்தைக் கெடுத்தது தொலைநோக்கின் குறைவு இல்லை. எதிரி கீழேதான் பாளையமிறங்கியிருந்தான், எல்லாருக்கும் தெரியும். தன் சொந்த மதிலின் ஒரு பக்கத்தை இனிப் பார்க்கவேண்டியதில்லை என்று விட்ட அலட்சியமே கெடுத்தது. கடிதம் கேட்பதும் அதற்கேற்றபடியே இருக்கிறது. மீந்திருப்பதைப் பலப்படுத்து, பெற்றுக்கொண்டதை நினைவுகூர், காத்துக்கொள், மனந்திரும்பு. நான்கில் ஒன்றுகூட மதிலுக்கு வெளியே பார்க்கச் சொல்லவில்லை.

மூன்றாவது இடம் 16:15. அர்மகெதோனுக்கு ஒரு வசனம் முன்னால், போருக்கான ஆயத்தத்தின் நடுவே சட்டென்று ஒரு குரல் குறுக்கிட்டு, விழித்திருந்து தன் உடைகளைக் காத்துக்கொள்பவனைப் பாக்கியவான் என்கிறது. உடைக்கும் விழிப்புக்கும் என்ன தொடர்பு? எருசலேம் ஆலயத்தின் இரவுக்காவலைப் பற்றி யூதச் சட்டத் திரட்டான மிஷ்னாவின் மித்தோத் பகுதி ஒரு விவரம் தருகிறது. காவல் தலைவன் தீப்பந்தங்களோடு ஒவ்வொரு காவலிடமாகச் சுற்றிவருவான். எழுந்து நின்று அவனுக்கு வணக்கம் சொல்லாதவன் தூங்கிவிட்டான் என்று பொருள். தலைவன் அவனைத் தடியால் அடிப்பான், அவன் உடைக்குத் தீவைக்கவும் தலைவனுக்கு அதிகாரம் உண்டு. யோவான் இதை மனதில் வைத்தே எழுதினார் என்று நான் அடித்துச்சொல்லவில்லை. ஆனால் விழிப்பு, உடை, நிர்வாணத்தின் வெட்கம் மூன்றும் ஒரே வரியில் சேர்வதற்கு இதைவிடப் பொருத்தமான பின்னணி எனக்குத் தெரியவில்லை. அர்மகெதோன் எங்கே, எப்போது என்று நாம் வரைபடம் விரிக்கிற அதே இடத்தில், நூல் உன் உடை பத்திரமா என்று கேட்கிறது.

கிரேகொரேயோவோடு பவுலும் பேதுருவும் கைகோத்து வைக்கும் இன்னொரு சொல் ‘நேஃபோ’. மது அருந்தாத தெளிவு அதன் அடிப்படைப் பொருள். நம் மொழிபெயர்ப்பு தெளிந்த புத்தி என்று அழகாகச் சொல்கிறது. இதிலிருந்தே கிழக்குச் சபைத் துறவிகள் ‘நேப்சிஸ்’ என்ற அகக்காவலின் மரபை வளர்த்தார்கள். 1782இல் வெனிஸில் அச்சான ஃபிலோகாலியா திரட்டின் தலைப்பிலேயே அந்தத் துறவிகளுக்கு நேப்சிஸின் பிதாக்கள் என்றுதான் பெயர். மனத்தின் வாசலில் வந்து நிற்கும் ஒவ்வோர் எண்ணத்தையும், நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று விசாரிக்கக் கற்றுக்கொண்டவர்கள். வாரத்துக்கு ஒரு புதிய அடையாளத்தைச் சொல்லிச் சபையைப் பரபரப்பில் வைத்திருக்கிற போதனை இந்தச் சொல்லுக்கு முன்னால் எப்படி நிற்கும்? பரபரப்பும் ஒரு போதைதான். அது தெளியும்போது மிஞ்சுவது அசதி. நடுத்தர வயதுக்கு வருவதற்குள் ஐந்தாறு ‘கடைசிக் காலங்களை’க் கடந்துவந்தவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள், இப்போது எந்த எச்சரிக்கையும் அவர்கள் காதில் ஏறுவதில்லை. சிறுவயதில், வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவைக் காணாவிட்டால் வருகை நடந்து தான் மட்டும் விடப்பட்டுவிட்டேனோ என்று நெஞ்சு பதறிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தப் பதற்றத்தை விழிப்பு என்று பெயரிட்டு அவர்களுக்குக் கொடுத்தது நாம். கெத்செமனேயில் தூங்கியவர்களைக்கூட இயேசு அப்படிப் பயமுறுத்தவில்லை. ஆவி உற்சாகமுள்ளதுதான், உடல்தான் பலவீனம் என்று அவர்கள் பக்கம் நின்று பேசினார்.

அப்போஸ்தலர் நடபடிகளில் கிரேகொரேயோ ஒரே ஓரிடத்தில்தான் வருகிறது, 20:31. மிலேத்துத் துறைமுகத்தில் பவுல் எபேசு சபையின் மூப்பர்களை வரவழைத்து விடைபெறுகிறார். இனி அவர்கள் அவர் முகத்தைக் காணப்போவதில்லை. அங்கே விழித்திருங்கள் என்கிறார். எதற்காக? மந்தையைத் தப்பவிடாத ஓநாய்கள் வெளியிலிருந்து நுழையும், உங்களுக்குள்ளிருந்தே சிலர் எழும்பி, சீடர்களைத் தங்கள் பின்னால் இழுத்துக்கொள்ள மாறுபாடானவற்றைப் பேசுவார்கள் என்பதற்காக. மேடையில் சொல்லப்படுவதைச் சோதித்துப் பார்ப்பதும், கேட்கிற எளியவரைக் காப்பதும் கிரேகொரேயோவின் வேலை. தீர்க்கதரிசன அட்டவணையை விரிக்கிற போதகரிடம் வசனத்தைத் திறந்து கேள்வி கேட்கிற விசுவாசியைக் கலகக்காரன் என்கிறோம். பவுலின் கணக்கில் அவன்தான் விழித்திருக்கிறான்.

விழித்திருப்பது எப்படியிருக்கும் என்று கேட்டால், பவுல் அந்த மூப்பர்களுக்குத் தம்முடைய மூன்று ஆண்டுகளையே நினைவூட்டுகிறார். இரவும் பகலும் கண்ணீரோடு ஒவ்வொருவராகப் புத்திசொன்னதை. ஒருவனுடைய வெள்ளிக்கோ பொன்னுக்கோ உடைக்கோ ஆசைப்படாததை. தமக்கும் தம்மோடிருந்தவர்களுக்கும் வேண்டியதைத் தம் கைகளே உழைத்துச் சம்பாதித்ததை. பலவீனரைத் தாங்கும்படி அவர்களும் அப்படியே உழைக்கவேண்டும் என்கிறார். கப்பல் காத்திருக்கிறது. எபேசுவுக்குத் திரும்பிப்போய் அவர்கள் செய்யவேண்டியவை என்று அவர் சொன்னது இவ்வளவே.